வந்து தங்கும் உறவு வருமானம் ஆகாது

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்திர உதவி இரண்டு துறைகளின் வழியாக வருகிறது. ஒன்று, வருவாய்த் துறை வழங்கும் ஓய்வூதியம். 2023 ஜனவரி முதல் இது 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. மற்றொன்று, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை. 2022 ஜனவரி முதல் இது 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயானது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், கடும் உடல் பாதிப்புக்கு ஆளானவர்கள், தசைச் சிதைவு நோயாளிகள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள், முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் போன்றோருக்கானது இரண்டாவது தொகை. ஒருவர் இவற்றில் ஒன்றைத்தான் பெற முடியும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள, 80 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையவர்களுக்கு ஒன்றிய அரசு 2009இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டமும் உண்டு. அதில் டெல்லியின் பங்கு மாதம் 300 ரூபாய். 2012க்குப் பிறகு அது உயரவே இல்லை. மீதியை மாநிலம் போட்டுத்தான் தொகை நிறைவாகிறது.

இந்தப் பணத்தைக் கேட்டு விண்ணப்பிக்கிறவர் இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டும். உடலிலோ அறிவிலோ குறைபாடு இருக்கிறது என்பது ஒன்று. கைக்கு ஆதரவு இல்லை என்பது இன்னொன்று. முதலாவதை மருத்துவர் குழு அளக்கிறது. மதுரை மாவட்டத்துக்காரர்கள் அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போய், எத்தனை விழுக்காடு என்று சான்று வாங்கி, தனித்துவ அடையாள அட்டையையும் பெற்றுவிடலாம். அலைச்சல் உண்டு, ஆனாலும் அளவுகோல் தெளிவானது. இரண்டாவதை அளப்பதற்குத் தெளிவான கருவி எதுவும் இல்லை. இ-சேவை மையத்தில் பதிவான மனு கிராம நிர்வாக அலுவலருக்குப் போகிறது. அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, பிறகு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு. நேரில் போய்ப் பார்க்கிற ஒருவரின் இரண்டு வரிக் குறிப்பில் மனுவின் தலையெழுத்து முடிவாகிறது. அந்தக் குறிப்பில் அடிக்கடி இடம்பெறுவது, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்பது.

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் தொடங்கியது. ஆதரவற்ற உடல் ஊனமுற்றோருக்கான ஓய்வூதியம் 1974இலும், ஆதரவற்ற விதவையருக்கானது அதற்கு அடுத்த ஆண்டிலும் வந்தன. நாட்டின் பல மாநிலங்களில் இப்படி எதுவுமே இல்லாத காலம் அது. அந்த வகையில் இவை முன்னோடித் திட்டங்கள். ஆனால், கையில் இருந்த பணம் கொஞ்சம். யாருமே இல்லாதவருக்கு முதலில் கொடுப்போம் என்று அன்றைய நிர்வாகம் நினைத்ததில் நியாயம் இருந்தது. பின்னர் வயது, குறைபாட்டு விழுக்காடு, சொத்து மதிப்பு என்று பல விதிகள் தளர்ந்தன. ஊனமுற்றோர் உரிமைகள் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கருணையாக இருந்தது உரிமையாக மாறியது. கள விசாரணையில் மட்டும் 1974ஆம் ஆண்டின் கேள்வி அப்படியே தங்கிவிட்டது.

மதுரைக்கு வடமேற்கே திண்டுக்கல் சாலையில் இருக்கிறது சமயநல்லூர். பரவையும் தேனூரும் பக்கத்து ஊர்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். இளம்பிள்ளைவாதத்தால் இரு கால்களும் செயல்படாத ஐம்பது வயதுப் பெண் அங்கே இருக்கிறார். பெற்றோர் காலமாகிவிட்டனர். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் தங்கை, லீவு கிடைத்தால் பிள்ளைகளோடு வந்து பத்து நாள் தங்குகிறார். சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் அழகர் மலை திரும்பும்வரை இருந்துவிட்டுப் போகிறார்கள். அண்ணன் மகன் மதுரையில் வேலை தேடுகிற சில மாதங்களில் திண்ணையில் படுத்துக்கொள்கிறான். தண்ணீர்க் குடத்தை உள்ளே எடுத்து வைப்பது, ரேஷன் கடைக்குப் போவது, அத்தையைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவது எல்லாம் அவன்தான். அவன் கிளம்பிவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண் காலையில் ஒரு நடை வந்து எட்டிப் பார்க்கிறார்.

விசாரணைக்கு அலுவலர் வரும் நாளில் கொடியில் ஆண்பிள்ளைச் சட்டை காய்கிறது. வாசலில் ஒரு பைக் நிற்கிறது. “கூட யாரு இருக்கா?” என்று கேட்கிறார். “அண்ணன் மகன் இருக்கான் சார், வந்துட்டுப் போவான்” என்கிறார் அந்தப் பெண். பொய் சொல்லத் தெரியாதவர் சொல்லும் பதில் அது. குறிப்பேட்டில் ‘உறவினர் பராமரிப்பில் உள்ளார்’ என்று ஏறுகிறது. “வந்துட்டுப் போவான்” என்ற பாதி அதில் ஏறுவதில்லை. இப்படி ஒரு வரி ஏறிவிட்டால், மேலே இருக்கிற அலுவலருக்கு மனுவைத் தள்ளிவிடுவது எளிது. அந்த வீட்டை அவர் பார்க்கப்போவதில்லை.

இங்கே மூன்று வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்புகின்றன. ஒரு வீட்டில் படுத்து எழுவது வேறு, அந்த வீட்டுச் செலவைத் தாங்குவது வேறு, அங்கிருக்கும் மாற்றுத்திறனாளிக்கு உடலால் உதவுவது வேறு. அண்ணன் மகன் முதலாவதையும் மூன்றாவதையும் செய்கிறான். இரண்டாவதைச் செய்ய அவனிடம் பணமே இல்லை. பல வீடுகளில் நிலைமை தலைகீழாக இருக்கிறது: வந்து தங்குகிற உறவுக்கும் சேர்த்து அந்த ஓய்வூதியத்தில்தான் உலை கொதிக்கிறது. வீட்டில் ஆள் கூடினால் வருமானம் கூடும் என்ற கணக்கு, சம்பளக்காரர் வீட்டுக்கு வேண்டுமானால் பொருந்தும்.

குடும்ப அட்டை இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. தனி அட்டை கேட்பவர் தனியாகச் சமைக்கிறாரா என்று பார்ப்பது உணவுப் பொருள் வழங்கல் துறையின் வழக்கம். தனி அடுப்பு இருந்தால் தனிக் குடும்பம். ரேஷனுக்கு இது போதுமான அளவுகோலாக இருக்கலாம். தனக்குத் தானே சமைக்க முடியாதவருக்கு இது எப்படிப் பொருந்தும்? தம்பி மனைவி தன் அடுப்பில் சேர்த்துப் பொங்கி ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தால், அடுப்புக் கணக்கில் அவர் தம்பி குடும்பத்து உறுப்பினர். பிறகு தம்பியின் வருமானம் அவருடைய வருமானமாகிவிடுகிறது. உறவினர் பெயர்கள் அட்டைக்குள் வந்து போவதற்கும் ஆயிரம் காரணங்கள் உண்டு. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்க, காஸ் இணைப்பு வாங்க, முகவரிச் சான்று காட்ட என்று ஒரு பெயரைச் சேர்ப்பார்கள். காரியம் முடிந்த பிறகு நீக்க மறந்துவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்து ஓய்வூதிய விசாரணையில் அந்தப் பெயர் ‘வயது வந்த ஆண் உறுப்பினர்’ என்று வந்து நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், கள விசாரணையின் கேள்வி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது புரியும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவாகியிருக்கும் விதி, யார் யாருக்கு ஜீவனாம்சம் தர வேண்டும் என்று வரையறுக்கிறது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரே அதில் வருகிறார்கள். உடல், மனக் குறைபாட்டால் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத, வயது வந்த மகனையும் மணமாகாத மகளையும் காப்பாற்றும் கடமை பெற்றோருக்கு உண்டு. உடன்பிறந்தவர்களுக்கு அந்தப் பிரிவு எந்தக் கடமையையும் வைக்கவில்லை. அண்ணன் மகன், அக்கா மகள், சித்தி, மாமன் எவருக்கும் இல்லை. நம் வீடுகளுக்கு வந்து தங்கிப் பார்த்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். பாசத்தால் செய்கிறார்கள், நாளைக்கே நிறுத்தினாலும் அவர்களை எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. கட்டாயப்படுத்த முடியாத உதவியை நிலையான ஆதரவு என்று அரசு தன் பதிவேட்டில் எழுதிக்கொள்வது எந்த விதத்தில் சரி?

வருமான வரிச் சட்டத்தோடு ஒப்பிட்டால் அநீதி இன்னும் துலங்கும். அந்தச் சட்டம், மாற்றுத்திறனாளி உறவினரைப் பராமரிப்பவருக்குப் பழைய வரி முறையில் ஆண்டுக்கு 75,000 ரூபாய் கழிவு தருகிறது. குறைபாடு 80 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய். கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மட்டுமல்லாமல் உடன்பிறந்தவர்களும் இதில் அடக்கம். வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கிறவர் தன் தங்கையைப் பார்த்துக்கொண்டால், அது செலவு என்று ஒன்றிய அரசு ஒத்துக்கொண்டு சலுகை தருகிறது. சமயநல்லூரில் கூலி வேலைக்குப் போகிறவர் தன் தங்கையைப் பார்த்துக்கொண்டால், அது அந்தத் தங்கைக்குக் கிடைத்த வசதி என்று சொல்லி அவருடைய ஓய்வூதியத்தை மாநில அரசு மறுக்கிறது. பராமரிப்பு ஒரு வீட்டில் செலவாகவும் இன்னொரு வீட்டில் வரவாகவும் இருக்க முடியாது.

அது செலவுதான். கிராமப்புற வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025–26இல் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். மாத ஓய்வூதியமான 1,500 ரூபாய் ஐந்து நாள் கூலிக்குக்கூடக் காணாது. கூட இருந்து பார்த்துக்கொள்ளும் உறவினர் மாதத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றாலே, அந்தக் குடும்பம் ஓய்வூதியத்தைவிட அதிகமாக இழந்துவிடுகிறது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, படுக்கைப் புண்ணுக்கு மருந்து, சிறுநீர்க் குழாய், டயப்பர் எல்லாம் இதற்கு வெளியே. சமயநல்லூரிலிருந்து ஆட்சியர் அலுவலகம் போய் ஒரு மனு கொடுக்க ஆரப்பாளையம் வரை ஒரு பஸ், அங்கிருந்து நகரைக் கடந்து இன்னொரு பஸ். சக்கர நாற்காலியோடு ஏற முடியாதவருக்கு அது ஆட்டோ வாடகை. கூட ஒரு ஆள் கட்டாயம் வர வேண்டும். அந்த ஆளின் அன்றைய கூலி போய்விடும். ஊனமுற்றோர் உரிமைகள் சட்டத்தின் 24ஆவது பிரிவு இந்தக் கூடுதல் செலவை உணர்ந்தே எழுதப்பட்டது: மற்றவர்களுக்கான அதே வகைத் திட்டங்களைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக மாற்றுத்திறனாளிகளுக்குத் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயானது. அதில் 25 விழுக்காடு கூட்டினால் சரியாக 1,500. சட்டம் ‘குறைந்தது’ என்று வைத்த எல்லைக் கோட்டிலேயே தொகை நிற்கிறது.

அதே பிரிவு, அதிக உதவி தேவைப்படுகிற மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி வழங்கும் திட்டத்தையும் குறிப்பிடுகிறது. கேரளம் ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற பெயரில், படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் உறவினருக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்தது. தொகை சிறியது. ஆனாலும் கூட இருக்கும் உறவினரைக் காரணம் காட்டி உதவியைக் குறைப்பதற்குப் பதிலாக, அவருக்கும் சேர்த்துத் தருவது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. தொகையிலும் வேறு மாநிலங்கள் முந்திவிட்டன. தெலங்கானாவில் 2023 ஜூலையில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 4,016 ரூபாயானது. ஆந்திரத்தில் 2024 ஜூலையில் 6,000 ரூபாயும், முற்றிலும் படுக்கையில் இருப்பவர்களுக்கு 15,000 ரூபாயும் என்று கையில் கொடுக்கத் தொடங்கினார்கள். இங்கே மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் வீதிக்கு வந்து கேட்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

வீட்டில் வந்து தங்கும் உறவு பற்றிய சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டனில் பழைய முறை உதவிகளோடு சேர்த்துத் தரப்பட்ட கடும் குறைபாட்டுக் கூடுதல் தொகை, வேறொரு பெரியவர் அந்த வீட்டில் வழக்கமாக வசித்தால் கிடைக்காது. ஆனால், வந்து போகிறவர் வழக்கமாக வசிப்பவர் ஆகமாட்டார் என்ற வேறுபாடு அங்கே விதியிலேயே இருக்கிறது. பார்த்துக்கொள்வதற்கென்றே முதன்முறையாக ஒருவர் வந்து சேர்ந்தால் 12 வாரம் வரை தொகை தொடரவும் இடம் உண்டு. அமெரிக்காவில் 1974இல் நடைமுறைக்கு வந்த துணை வருமானத் திட்டத்தில், பிறர் வீட்டில் உண்டு உறைகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும் விதி பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. தாய் போடும் சோற்றைக்கூட வருமானமாக எழுதிக்கொண்டிருந்த அந்த நாடு, 2024 செப்டம்பர் 30 முதல் உணவைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியது. தங்கும் இடம் மட்டும் கணக்கில் நீடிக்கிறது. பணக்கார நாடுகளிலும் இந்த விதிகள் மக்களை வாட்டத்தான் செய்கின்றன. என்றாலும், எது வசிப்பது, எது வந்து போவது என்று எழுத்தில் இருப்பதால் அங்கே வாதாட முடிகிறது. இங்கே அது விசாரணைக்கு வருகிறவரின் பார்வையில் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு முன்மாதிரி தேடிக் கடல் கடக்கவும் வேண்டியதில்லை. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் முதல் விதிகளில், ஓய்வூதியம் பெறுவோர் இருக்கும் குடும்பங்கள் தொடர்பாகக் கட்டுப்பாடு இருந்தது. அந்த ஆகஸ்டிலேயே அது தளர்த்தப்பட்டு, முதியோர், மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் பெறுகிறவர்களின் வீட்டில் உள்ள தகுதியான மற்றப் பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்றானது. ஒருவருக்கு வரும் பணம் இன்னொருவரின் உரிமையை அழிக்காது என்று அரசே ஏற்றுக்கொண்டது. அந்த நியாயம் மறுபக்கமும் செல்ல வேண்டும்: கூட இருப்பவரின் கூலி, மாற்றுத்திறனாளியின் உரிமையை அழிக்கக் கூடாது.

எதிர்த் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அரசு வேலையில் இருக்கும் மகனோடு மாடி வீட்டில் இருப்பவரும், குடிசையில் தனித்திருப்பவரும் ஒரே வரிசையில் நின்றால், நிதி போதாதபோது பின்னவர்தான் இழப்பார். விசாரணையே வேண்டாம் என்று சொல்வது ஏழைக்குச் செய்யும் நன்மை ஆகாது. விசாரிக்க வேண்டியது கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் என்று சட்டப்படி காப்பாற்றக் கடமைப்பட்டவர்களின் நிலையான வருமானத்தை. அதற்குச் சம்பளப் பட்டியல், சொத்து, வரிக் கணக்கு எனப் பதிவேடுகள் இருக்கின்றன. கொடியில் காயும் சட்டை பதிவேடு ஆகாது. மாற்றுத்திறனாளி திருமணமானவராக இருந்தாலும் எச்சரிக்கை வேண்டும். கணவனின் சம்பளம் மனைவி கைக்கு வருகிறதா என்று கேட்காமல் எழுதும் அறிக்கை பாதி உண்மைதான்.

விண்ணப்பிப்பவர்களும் சில காரியங்களைச் சரியாகச் செய்துகொள்ள வேண்டும். உறவினர் வந்து தங்குவதை மறைக்க வேண்டாம். மறைத்துப் பெற்ற பணம் பிறகு தெரியவந்தால் நின்றுபோகும். திருப்பிக் கட்டச் சொல்லவும் கூடும். அதைவிட, மனுவிலேயே எழுதிக் கொடுப்பது நல்லது: இன்னார் எனக்கு இன்ன உறவு, அவர் நிரந்தரமாக வசிப்பது இன்ன ஊர், இங்கே வருவது இன்ன காரணத்துக்கு, என் செலவுக்குப் பணம் தருவதில்லை. அந்த உறவினரின் குடும்ப அட்டை நகலையும் இணைத்துவிட்டால், அவர் வேறு வீட்டுக்காரர் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. வந்து தங்குகிறவரின் பெயரை ரேஷனுக்காகத் தன் அட்டையில் சேர்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். 2020 அக்டோபரில் தமிழ்நாடு ‘ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்தில் சேர்ந்த பிறகு, தன் அட்டையை வைத்தே வேறு ஊர்க் கடையிலும் பொருள் வாங்க வழி வந்துவிட்டது. எப்போதோ சேர்த்த பெயர் இன்னும் அட்டையில் இருந்தால், ஓய்வூதிய மனு போடும் முன்பே நீக்கிக்கொள்ள வேண்டும்.

மனு தள்ளுபடியானால் வாய்மொழிப் பதிலோடு திரும்பக் கூடாது. காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். தராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி விசாரணை அறிக்கையின் நகலைக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். ‘உறவினர் பராமரிப்பில் உள்ளார்’ என்ற வரி கையில் கிடைத்துவிட்டால், அது எப்படித் தவறு என்று கோட்டாட்சியரிடம் முறையிட ஆதாரம் ஆகிவிடும். ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டமும், மாற்றுத்திறனாளிகளுக்கென்று நடத்தப்படும் சிறப்புக் குறைதீர் கூட்டமும் இருக்கின்றன. அங்கும் தீராதது மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் போகலாம். ஆட்களை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தைச் சட்டத்தின் 82ஆவது பிரிவு அவருக்குக் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரம் இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஆனால், நடக்க முடியாத ஒருவரை இத்தனை படி ஏறவைப்பதைவிட, முதல் படியைச் சரிசெய்வது அரசுக்கு எளிது. தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். அவர்களில் பலர் பிறர் உதவி இல்லாமல் வாழ முடியாதவர்கள். யாராவது ஒருவர் வந்து தூக்கிவிட்டுத்தான் போகிறார். வருவாய்த் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். சட்டப்படி காப்பாற்றக் கடமை இல்லாத உறவினர் உடன் தங்குவதை மறுப்புக்குக் காரணமாக எழுதக் கூடாது. ‘வந்து போகிறவர்’, ‘நிரந்தரமாக வசிப்பவர்’ என்று விசாரணைப் படிவத்தில் இரு தனிப் பத்திகள் இருக்க வேண்டும். மறுப்பவர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு மனுதாரரிடம் தர வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, புதிய நிதி ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். வருவாய் நிர்வாக ஆணையர் இதைச் செய்ய வேண்டும்.